சிறப்பு ழகரம்

தம்பி, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படிக் குடுங்க. படிக்கிறதுக்கு இல்ல. இந்த விளம்பரத்தை மட்டும்... ஆமா, இதான். உளுந்தூர்ப்பேட்டை தாண்டினதுலருந்து ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே வர்றேன். பாருங்க, மணமக்களுக்கு 'வாள்த்துகள்'னு போட்டிருக்கான். பெரிய ள. இங்க சிறப்பு ள வரணுமா இல்லையா? கல்யாண வீட்டுக்கு வாளைத் தூக்கிட்டுப் போற மாதிரில்ல இருக்கு. பேனா வேணாம், என்கிட்டயே இருக்கு. செவப்பு. இந்தா, சுளிச்சுட்டேன். இனிமே விராலிமலையில எறங்குற வரைக்கும் நிம்மதியா உக்காருவேன்.

நீங்க சிரிக்கிறீங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்றாங்க. தமிளு பேசுனாலே சிரிக்கிற காலமாப் போச்சு.

என் பேரு பளனியாண்டி. சொந்த ஊரு மதுரை, செல்லூரு. மெட்ராசுல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு நோட்ஸ் போடுற ஒரு பதிப்பகத்துல முப்பத்தெட்டு வருசமா ப்ரூஃப் பாக்குறேன். பிளை திருத்துற தொளிலு. அது பகல்ல. வியாளக்கெளமை ஆனா சாயந்தரம் பப்புக்குப் போயிருவேன்.

குடிக்கிறதுக்கு இல்ல தம்பி. எனக்கு லெமன் சோடாவே நெஞ்சைக் கரிக்கும். வேலைக்குப் போறேன். ஓஎம்ஆர்ல ஒரு ஓட்டல் மூணாவது மாடியில இருக்கு அந்தப் பப்பு. ஏளு மணிக்குக் கரோக்கி ஆரம்பிக்கும். பாட்டோட மியூசிக் மட்டும் ஓடும், திரையில வரி ஓடும், யாரு வேணும்னாலும் மைக்கைப் புடிச்சுப் பாடலாம். வர்றவங்கள்ல பாதிப் பேருக்குத் தமிளு பேச வரும், படிக்க வராது. அதனால தமிள்ப் பாட்டை இங்கிலீசு எளுத்துல அடிச்சு ஓட விடணும். அந்த அடிக்கிற வேலைதான் எனக்கு. முன்னாடி ஒரு பையன் அடிச்சிருக்கான். அவன் புண்ணியத்துல ஒரு பெரிய மனுசன் பள்ளிக்குப் போன காதலியை நெனச்சுப் பாடுறேன்னு, 'பல்லிக்குப் போனாளே, பல்லிக்குப் போனாளே'ன்னு கண்ணுல தண்ணி வர உருகியிருக்காரு. அதுக்கப்புறம்தான் மேனேஜர் டெரன்ஸ் என்னைத் தேடி வந்தாரு.

நான் போயி எல்லாத்தையும் சுத்தம் பண்ணேன். ல எங்க, ள எங்க, சிறப்பு ள எங்க, எல்லாம் தனித்தனியாத் தெரியும். சிறப்பு ளவுக்கு இசட் எச் போடணும் தம்பி, நெறையப் பேருக்குத் தெரியாது. அதோட விட்டேனா? ஒத்தெளுத்து எல்லாம் சேத்தேன். க், ச், த், ப் வர வேண்டிய எடத்துல வந்துதான் ஆகணும். பாட்டு எளுதினவரு விட்டிருந்தாலும் நான் விட மாட்டேன். 'உன்னை கேட்டேன்'னு இருந்தா 'உன்னைக் கேட்டேன்'னு கூட ஒரு கே போட்டுருவேன். பாடுறவங்க அந்த எடத்துக்கு வந்ததும் விக்கல் எடுத்த மாதிரி நின்னுருவாங்க, மியூசிக் அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். டெரன்ஸ் வந்து, 'சார், ஜனங்க பாட வர்றாங்க சார், பரிச்சை எளுத வரல'ம்பாரு. அவரு கெடக்கிறாரு.

என்ன பாட்டுப் பாடலாம்னு என்கிட்டத்தான் வந்து கேப்பாங்க. குரலைப் பாத்து நான் பாட்டுச் சொல்றதில்ல. நாக்கைப் பாத்துச் சொல்வேன். ல, ள தகராறு இருக்கிறவருக்கு 'லல்லலா லல்லலா'ன்னே முடியிற பாட்டு. மூணு சுளி ண வராதவங்களுக்குக் கண்ணு, பெண்ணு, மண்ணு எதுவும் வராத பாட்டு. காதல் பாட்டுல அப்படித் தேடிப் பாருங்க, மண்டை காஞ்சுரும். ஒரு பாங்கு மேனேஜர் வந்து, ஆடுற பாட்டுத்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னாரு. அந்தப் பாட்டுல வார்த்தையே கெடையாது, வெறும் ஏ. அறுபத்திநாலு ஏ. நான் உக்காந்து எண்ணி எண்ணி அடிச்சேன். அந்த மனுசன் ஆடுன ஆட்டத்துல மூச்சு வாங்கி அறுபதோட நிறுத்திட்டாரு. மிச்ச நாலு ஏ அனாதையாத் திரையில ஓடுது. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. அதுக்கப்புறம் எல்லார்கிட்டயும் கண்டிசனாச் சொல்லிட்டேன், திரையில வரி ஓடுற வரைக்கும் வாயை மூடக் கூடாது, வானம் இடிஞ்சு விளுந்தாலும்.

இப்ப நான் விராலிமலைக்கு எதுக்குப் போறேன்னு கேட்டீங்கள்ல. இந்த வண்டியில டிக்கெட் மதுரைக்குத்தான் குடுப்பாங்க, ஆனா எறங்குறது விராலிமலை. அதுக்குத்தான் வர்றேன்.

நிகில் சாருன்னு ஒருத்தரு. பக்கத்துல ஒரு கம்பெனியில வேலை, முப்பத்திரெண்டு வயசு. பம்பாய் செம்பூர்ல பொறந்து வளந்தவரு. அப்பா தூத்துக்குடி, அம்மா பாலக்காடு. தமிளு பேசுவாரு, ஒரு எளுத்துப் படிக்கத் தெரியாது. என்னைப் 'பண்டிட்ஜி'ம்பாரு. அம்புட்டுப் பணிவு. ஒருநாள் எல்லாரும் பாட்டுச் சீட்டுக் குடுத்துட்டுப் போற வரைக்கும் ஓரமா நின்னுட்டு, அப்புறம் வந்து, 'பண்டிட்ஜி, எனக்கு ஒரு பாட்டு வேணும், ஒருத்தங்களுக்காக'ன்னாரு.

அந்த ஒருத்தங்க அவரு கம்பெனியிலயே வேலை பாக்குற பொண்ணு. பேரு யாள்மொளி. கேட்டீங்களா பேரை? ஒரே பேருல ரெண்டு சிறப்பு ள. அப்பா விராலிமலையில தமிள் வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, வேற எப்படி வைப்பாரு. ஆபீஸ்ல எவன் வாயிலயும் நுளையாம 'மோலி, மோலி'ன்னு கூப்பிடுறாய்ங்களாம். பாவம் அந்தப் புள்ள. நிகில் சாரு மட்டும் முளுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாராம். அதுலதான் ரெண்டு பேருக்கும் பேச்சே ஆரம்பிச்சிருக்கு.

ரெண்டு வருசப் பளக்கம். ஒருத்தருக்கொருத்தரு மனசுல இருக்கு, வாயில வரல. இதுக்கு நடுவுல பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை பாத்துட்டாங்க. நாளைக்கு ஞாயித்துக்கெளமை பொண்ணு பாக்க வர்றாங்க. ஒரு மாசம் முன்னாடியே நாள் குறிச்சாச்சு. அந்தப் பொண்ணு தைரியசாலி. 'நமக்குள்ள என்னான்னு நீ வாயைத் தெறந்து சொல்லு. சொன்னா அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். சொல்லலேன்னா நான் ஊருக்குப் போயி அவங்க சொல்ற எடத்துல உக்காந்துருவேன்'னு நேராவே கேட்டிருக்கு. இவருக்குப் பேச வராது. பாட்டாச் சொல்லிர்றேன்னுட்டாரு.

நான் மூணு நாள் யோசிச்சு ஒரு பளைய பாட்டை எடுத்தேன். அப்பளுக்கு இல்லாத பாட்டு, ஒரு ஒத்துப் பிளை கெடையாது. பல்லவி என்னான்னா, 'நீயில்லாமல் வளியில்லை, நிலவிருந்தும் ஒளியில்லை.' வளின்னா பாதை. நீ இல்லேன்னா எனக்குப் போக்கிடமே இல்லைங்கிறான். இதுக்கு மேல ஒரு பொண்ணுகிட்ட என்னத்தைச் சொல்ல?

மொதநாள் பாடிக் காட்டச் சொன்னேன். குரலு தேன். ஆனா 'வளி'ங்கிற எடம் வந்ததும் நாக்கை மேல மடிச்சு, உள்ளுக்குள்ள உருட்டி, ஒரு சத்தம் குடுத்தாரு பாருங்க. வாயில கூளாங்கல்லைப் போட்டுக் கொப்புளிக்கிற மாதிரி. 'சார், யாரு உங்களுக்கு இதைச் சொல்லிக்குடுத்தது?'ன்னேன். 'அம்மா'ன்னாரு. அப்படிச் சொல்லுங்க. பாலக்காட்டுல போயி நம்ம எளுத்தைக் கத்துக்கிட்டா இப்படித்தான் ஆகும். கவலைப்படாதீங்க, நான் சரி பண்ணிர்றேன்னு சொல்லிட்டேன்.

மூணு வாரம் தம்பி. பப்பு தெறக்கிறதுக்கு முன்னாடி, அஞ்சரை மணிக்கு டெரன்ஸ் கதவைத் தெறந்து விடுவாரு. நாற்காலி எல்லாம் மேசை மேல கவுந்து கெடக்கும், நாங்க ரெண்டு பேரு நடுவுல நின்னு 'வளி, வளி'ன்னு கத்திக்கிட்டு இருப்போம். கூட்டுற அம்மா ஒருநாள், வளி விடச் சொல்றோம்னு நெனச்சு வெலகி நின்னு 'வாங்க சார், போங்க'ன்னுச்சு. 'நாக்கை எறக்குங்க, இன்னும் எறக்குங்க, மடிக்காதீங்க'ன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிருச்சு. அவரும் லேசுப்பட்டவரு இல்ல, சந்தேகம் கேப்பாரு. 'பண்டிட்ஜி, வளியில வர்றதும் ஒளியில வர்றதும் வேற வேற எளுத்துதானே? திரையில வேற வேறயா அடிச்சிருக்கீங்களே'ன்னாரு. நல்ல கேள்வி. 'வேற வேறதான் சார், நல்லாக் கேளுங்க: வளி. ஒளி. வித்தியாசம் தெரியுதா?'ன்னேன். இன்னொருதரம் சொல்லச் சொன்னாரு. சொன்னேன். 'தெரியுது பண்டிட்ஜி'ன்னாரு. மரியாதை தெரிஞ்ச மனுசன்.

பேரையும் விட்டு வைக்கல. மேடையில அந்தப் பொண்ணு பேரைச் சொல்லிட்டுத்தான் பாடப் போறேன்னாரு. சொல்லுங்க பாப்போம்னேன். அந்தப் பேருல கூளாங்கல்லு ரெண்டு தடவை உருளுது. 'இதையா சார் ரெண்டு வருசமா அந்தப் புள்ள காதுல போட்டீங்க, எப்படித்தான் பொறுத்துக்கிச்சோ'ன்னு சொல்லி, 'யாள்மொளி'ன்னு தெளிவாச் சொல்லிக்காட்டினேன். நாப்பது தடவை சொல்ல வச்சேன்.

முந்தாநாள் வியாளக்கெளமை. நல்ல கூட்டம். நீலச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிட்டு வந்திருக்காரு. அந்தப் பொண்ணு மொத வரிசையில தனியா ஒரு மேசை. முன்னாடி ஆரஞ்சு ஜூசு, தொட்டுக்கூடப் பாக்கல. நான் திரைக்குப் பக்கத்துல என் கம்ப்யூட்டர்கிட்ட. எனக்கு வேர்த்துக் கொட்டுது, என்னமோ நானே பொண்ணு கேக்கப் போற மாதிரி.

மைக்கை வாங்குனாரு. 'இந்தப் பாட்டு யா...'ன்னாரு. மறுபடியும் நாக்கு மடியுது. எனக்கு இங்கருந்தே தெரியுது. நான் கையைத் தூக்கி, எறக்கு, எறக்குன்னு காமிச்சேன். என்னைப் பாத்துட்டாரு. எறக்குனாரு. கொஞ்சம் கூடவே எறக்கிட்டாரு. 'யால்மொலிக்காக'ன்னு வந்துருச்சு. அந்தப் பொண்ணு மொகம் அப்பவே சுண்டிருச்சு தம்பி. யாரோ புது ஆளைப் பாக்குற மாதிரி பாத்துச்சு.

சரி, பாட்டுல புடிச்சுக்கலாம்னு நெனச்சேன். மியூசிக் வந்துச்சு. நான் விடாம எறக்கு எறக்குன்னு காட்டிக்கிட்டே இருக்கேன். அவரு என் கையவே பாத்துக்கிட்டு, அடிவயித்துலருந்து எடுத்தாரு: 'நீயில்லாமல் வலியில்லை.'

வலி. நோவு. நீ இல்லேன்னா எனக்கு ஒரு நோக்காடும் இல்லைன்னு அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா நின்னு பாடுறாரு. அதுக்கு அடுத்த வரியாவது சரியா வந்துச்சா? 'நிலவிருந்தும் ஒலியில்லை.' நிலா எதுக்குய்யா சத்தம் போடணும்? கூட்டம் விளுந்து விளுந்து சிரிக்குது. வேணும்னே கேலிப் பாட்டு கட்டிப் பாடுறாருன்னு நெனச்சு விசிலடிக்கிறாய்ங்க. டெரன்ஸ் வேற சந்தோசத்துல கலர் லைட்டைச் சுத்த விட்டுட்டாரு. அந்தப் பல்லவி நாலு தடவை வரும் தம்பி. நாலு தடவை. அவரு கண்ணு ரெண்டும் அந்தப் பொண்ணைப் பாத்துக் கெஞ்சுது, வாயி மட்டும் வலியில்லை வலியில்லைங்குது. மூணாவது தடவையில அது பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. இவரு மைக்கைப் போட்டுட்டு ஓட வேணாமா? ஓடல. திரையில வரி ஓடிக்கிட்டு இருக்கே. முளுசாப் பாடி முடிச்சுட்டுத்தான் எறங்குனாரு. நான் போட்ட கண்டிசன்.

அப்புறம் போன் பண்ணியிருக்காரு. நாக்குத் தவறிருச்சு, நான் சொல்ல வந்தது வேறன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'உனக்கு அந்த எளுத்து வரும்னு எனக்குத் தெரியும். என் பேரை ஒளுங்காச் சொல்ற ஒரே ஆளு நீதான். வராதவன் அப்படிப் பாடினா தப்புன்னு விட்டுருவேன். உனக்கு வரும். பேரையும் மாத்திச் சொல்லி, பாட்டையும் மாத்திப் பாடினா, அது தப்பு இல்ல, பதிலு. புரிஞ்சுக்கிட்டேன்.' வச்சிருச்சு. அதோட இவரு நம்பரை எடுக்கிறதே இல்ல. நேத்துக் காலையில ஊருக்கு வண்டியேறிருச்சு.

எனக்கு இதுதான் தம்பி வெளங்கவே இல்ல. இவருக்கு எங்க வரும்? வந்தா நான் எதுக்கு மூணு வாரம் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேன்? ஆசை கண்ணை மறைக்கும்பாங்க, காதையும் சேத்து மறைக்கும் போல.

நிகில் சாரு நேத்துச் சாயந்தரம் ஓட்டல் படிக்கட்டுல உக்காந்து அளுதாரு. நான் பக்கத்துல உக்காந்தேன். 'உங்க மேல தப்பில்ல பண்டிட்ஜி, நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்க, நான்தான் ஒளுங்காக் கத்துக்கல'ன்னாரு. எனக்கு மனசு கேக்கல. விராலிமலைக்கு அவரே வர்றேன்னுதான் நின்னாரு. வேணாம்னுட்டேன். வந்து அங்கயும் வாயைத் தெறந்து எதையாவது சொல்லி வச்சா என்ன பண்றது? நான் போறேன், பிளை திருத்தம் போடுறது என் தொளிலு, நீங்க வீட்டுல இருங்கன்னு சொல்லி, பொண்ணு வீட்டு அட்ரசை வாங்கிட்டு வந்திருக்கேன்.

புத்தகத்துல பாத்திருப்பீங்க, கடைசிப் பக்கத்துல ஒரு துண்டுத்தாளு ஒட்டியிருக்கும். பிளை இது, திருத்தம் இதுன்னு. அச்சாகி வெளிய போன பிளைக்கு எங்க தொளில்ல அது ஒண்ணுதான் மருந்து. அதே மாதிரி ஒண்ணு தயார் பண்ணிக் கொண்டு வந்திருக்கேன். அவங்க அப்பா தமிள் வாத்தியாரு, இதைப் பாத்தா மதிப்பாரு. இந்தாங்க:

பிழை: நீயில்லாமல் வலியில்லை.
திருத்தம்: நீயில்லாமல் வழியில்லை.

எப்படி? ஒரு வேலை பண்ணுங்களேன். நீங்க அதை வாய்விட்டு வாசிங்க, நான் கேக்குறேன். அச்சுக்குப் போற எதையும் ஒருத்தரு வாசிக்கணும், ஒருத்தரு சரிபாக்கணும், அதான் மொறை. கூச்சப்படாதீங்க, பஸ்ல எல்லாரும் தூங்குறாங்க. ம். மொத வரி சரி. ரெண்டாவது...

என்னது? இன்னொருதரம் சொல்லுங்க.

தம்பிக்கு எந்த ஊரு? மார்த்தாண்டமா. வீட்டுல எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்களா? பள்ளிக்கூடத்துல? வாத்தியாரும்? இல்ல, சும்மா கேட்டேன். தப்புன்னு சொல்லல. இன்னும் ஒரே ஒரு தடவை, அந்த ஒத்தை வார்த்தையை மட்டும்.

இதே சத்தம்தான் தம்பி. மொதநாள் அவரு வாயிலருந்து வந்தது இதேதான். கூளாங்கல்லு.

கொஞ்சம் இருங்க. நான் சொல்றேன், நீங்க கேளுங்க. வளி. இல்லையா? வள்... வளி. நாக்கை எங்க வைக்கிறீங்க? மேலயா? மடிச்சா? வயி. அய்யய்யோ, அது மெட்ராசு. வளி. நீங்க மொகத்தைத் திருப்பிக்கிறீங்க. பரவாயில்ல, சொல்லுங்க. வரலையா? நெசமாவே வரலையா?

அப்ப அதுக்குத்தான் சிரிச்சீங்களா, ஆரம்பத்துல.

முப்பத்தெட்டு வருசம் தம்பி. பக்கத்துல ஒருத்தரு வாசிக்க, நான் தாளைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு சிறப்பு ள தப்பா அச்சேற விட்டதில்ல. பாத்தேனே ஒளிய, கேட்டதே இல்ல. நல்லாச் சொல்லிக்கிட்டு இருந்த மனுசன். அவங்க அம்மா குடுத்தது. அந்தப் பொண்ணு அதைக் கேட்டுத்தான் ரெண்டு வருசமா அவரைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. அதை நான் மூணு வாரம் உக்காந்து பிடுங்கி எறிஞ்சுட்டேன். திருத்துறேன்னு. எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு. உங்க மூஞ்சியைப் பாக்கவே வெக்கமா இருக்கு.

என்ன ஊரு இது? விராலிமலை வந்துருச்சா? கண்டக்டர், ஒரு நிமிசம், பைபாஸ்ல நிப்பாட்டுங்க, எறங்கணும்.

அலோ, நிகில் சாரா? பளனியாண்டி பேசுறேன். குறுக்கப் பேசாதீங்க, கேளுங்க. நான் சொல்லிக்குடுத்தது எல்லாத்தையும் அளிச்சுருங்க. எல்லாம்னா எல்லாம்தான். உங்க அம்மா எப்படிச் சொல்வாங்களோ அப்படி அந்தப் பொண்ணு பேரைச் சொல்லுங்க. இப்பவே. என்கிட்டத்தான். தயங்காதீங்க சார், நான் திருத்த மாட்டேன். நாக்கை மடிங்க. நல்லா மடிங்க. ம்... ஆமா. அதேதான். அதேதான் சார். என்னை மன்னிச்சுருங்க. போனை வைக்காதீங்க, பஸ்ஸை விட்டு எறங்குறேன், பத்து நிமிசத்துல அவங்க வீட்டு வாசல்ல நிப்பேன். உங்க நம்பரைத்தானே எடுக்க மாட்டேங்குது, என் போனுல நீங்க லைன்லயே இருங்க.

வர்றேன் தம்பி. அந்தத் துண்டுத்தாளை நீங்களே வச்சுக்கங்க, இல்ல கிளிச்சுப் போட்டுருங்க. கதவைத் தட்டுனா அவங்க அப்பா வந்து யாரைப் பாக்கணும்னு கேப்பாரு. நான் வாயே தெறக்க மாட்டேன். போனை அவரு காதுக்கு நேரா நீட்டிருவேன்.